மழைச் சாலைக்கு பெர்ஃபார்மன்ஸ் டயர் தேர்ந்தெடுப்பது எப்படி: கொங்குப் பக்கம் கார் ஓட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டயர் கடையில் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் வருமுங்க?" இரண்டாவது, "இன்னொரு சைஸ் அகலமாப் போட்டுக்கலாமுங்களா?" மழையில் வண்டி நிற்குமா என்ற பேச்சே எழாமல் பில் போட்டு முடிந்துவிடும். வருடத்தில் பெரும்பகுதி வெயில் காயும் ஊரில் இது இயல்புதான். ஆனால் டயர் நல்லதா சுமாரா என்பது காய்ந்த தாரில் தெரியாது. ஐப்பசி மழையில், பெருந்துறை தாண்டி 90-ல் போகும்போது முன்னால் லாரி பிரேக் அடித்தால் தெரியும்.

பிராண்டில் தொடங்கி அளவுக்கு வந்தால் தவறு நேரும். ஓட்டும் சாலை, அளவு, காம்பவுண்ட் (ரப்பர் கலவை), காடி (டயரின் மேற்பரப்பில் ஓடும் பள்ளக் கோடுகள்), தேதி, கடைசியாக விலை என்ற வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் அடுத்த படியின் வேலையைக் குறைத்துத் தரும். விர்ட்டஸ், ஸ்லாவியா, ஐ20 என் லைன், ஆக்டேவியா, பழைய போலோ ஜிடி மாதிரி கொஞ்சம் வேகமாக ஓட்டத் தோன்றும் கார் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஸ்விஃப்ட், பலேனோ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொன்ன டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் என்றால் இது கட்டாயம். முன்பு வைத்திருந்தவர் அளவை மாற்றியிருந்தால், இப்போது ஓடும் டயரைப் பார்த்து அதே அளவு வாங்குவது அவர் செய்த தவறையும் சேர்த்து வாங்குவதாகும்.

அடுத்து, காடி ஆழம் அளக்கும் சின்ன கேஜ் ஒன்றும், சொந்தமாக ஒரு காற்றழுத்த மீட்டரும் வேண்டும். பங்க்கில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரே மீட்டரில் தொடர்ந்து அளந்தால்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

1. உங்கள் மழை எந்த மழை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லா ஈரச் சாலையும் ஒன்றல்ல. டயர் வழுக்குவதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. ஒன்று, சாலை நனைந்து மெல்லிய ஈரப்படலம் இருக்கும்போது ரப்பருக்குப் பிடிப்பு குறைவது. இதைத் தீர்ப்பது காம்பவுண்ட். இன்னொன்று, தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போகும்போது டயர் தாரைத் தொடாமல் தண்ணீர் மேல் மிதப்பது. இதைத் தீர்ப்பது காடியும் வேகமும். ஒன்றில் கெட்டிக்கார டயர் மற்றொன்றில் சுமாராக இருக்கலாம்.

கோவை, திருப்பூர், ஈரோடு ஆட்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்ளும். மாலையில் திடீரென்று கொட்டி, அரை மணி நேரத்தில் சாலையில் தண்ணீர் நின்றுவிடும். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடித் தடம் அழுந்திய இடங்களில் நீளமான வாய்க்கால் மாதிரி நிற்கும். தினமும் அதில் போய்வருபவருக்கு மிதப்பதுதான் முதல் ஆபத்து.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடிச் சாரல் வந்து சாலையை நாள்கணக்கில் நசநசவென்று வைத்திருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. அங்கே வேகம் 30, 40-தான். மிதக்க வாய்ப்பு குறைவு. ஆனால் வளைவில் இலைச்சருகு, பாசி, மேலிருந்து வழிந்த மண். வாராவாரம் மலை ஏறுபவருக்குக் காம்பவுண்ட்தான் முதல் கவலை.

மூன்றாவது வகையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சித்திரையில் வரும் கோடை மழையின் முதல் பத்து நிமிடம். மாதக்கணக்கில் சாலையில் படிந்த டீசல், ஆயில், ரப்பர் துகள், புழுதி எல்லாம் தூறலில் குழைந்து சோப்பு போட்ட மாதிரி ஆகும். இதற்கென்று தனி டயர் கிடையாது. நன்றாகப் பெய்து கழுவிவிடும் வரை மெதுவாகப் போவதுதான் வழி.

கோவை லங்கா கார்னர் மாதிரி ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கும் தண்ணீருக்கு எந்த டயரும் பதில் இல்லை. அது இன்ஜினுக்குள் தண்ணீர் போகும் பிரச்சினை. திரும்பிப் போய்விடுங்கள்.

2. பழைய டயரைக் கழற்றும் முன் படியுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் தவறாமல் தாவிப்போகும் படி இது. பழைய டயர் கடைக்காரரின் குவியலுக்குப் போய்விட்டால் அதில் இருந்த தகவலும் போய்விடும். அதனால் வாங்குவதற்கு முந்தைய வாரமே பாருங்கள்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி நிறுத்துங்கள். முன் டயரின் உள்ஓரம், நடு, வெளிஓரம் என்று மூன்று இடத்தில் ஆழம் அளந்து எழுதுங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் குறைவு. உள்ஓரம் மட்டும் 2 மி.மீ, வெளிஓரம் 5 மி.மீ என்று இருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு, அல்லது சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ் போய்விட்டது. கையால் குறுக்கே தடவினால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் போலவும் உறுத்தினால் அதுவும் அலைன்மென்ட்தான்.

மழைக்கு இது ஏன் முக்கியம் என்றால், உள்ஓரம் மொட்டையான டயர் வெளியிலிருந்து பார்க்கப் புதுசாகத் தெரியும். தண்ணீரை வெளியேற்ற வேண்டிய காடியில் பாதி இல்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த டயரை மாட்டினால் அடுத்த மழைக்காலத்துக்குள் அதுவும் அதே கதிதான். புஷ், லோயர் ஆர்ம் வேலை இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

3. அளவு: அகலத்தின் மேல் ஆசை வைக்காதீர்கள்

205/55 ஆர்16 என்றால் டயர் அகலம் 205 மி.மீ, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ஆர் என்பது ரேடியல், ரிம் 16 இஞ்ச்.

கடையில் நடக்கும் பேச்சு எப்போதும் இப்படித்தான் போகும்.

"அண்ணா, 225 போட்டா ரோட்டை இன்னும் நல்லாப் புடிக்குமுங்களா?"

"புடிக்குமுங்க தம்பி. பாக்கவும் கெத்தா இருக்கும்."

காய்ந்த சாலைக்கு அந்தப் பதிலில் ஓரளவு உண்மை இருக்கிறது. மழைக்குக் கணக்கு மாறும். சாலையில் 3 மி.மீ தண்ணீர் நிற்கிறது, நீங்கள் 90 கி.மீ வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். 90 என்றால் நொடிக்கு 25 மீட்டர். 205 அகல டயர் ஒன்று நொடிக்கு ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீர் 15 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீரை ஒரே நொடியில் வாரி இறைப்பது மாதிரி. 225 போட்டால் அது 17 லிட்டரை நெருங்கும். காரின் எடை கூடவில்லை, காற்றழுத்தமும் அதேதான், அதனால் தரையைத் தொடும் பரப்பும் ஏறக்குறைய அதேதான். வடிவம் மட்டும் குறுக்கே அகன்று நீளம் குறைகிறது. தண்ணீரைப் பிளந்து வெளியேற்றக் கிடைக்கும் நேரமும் அதோடு குறைகிறது. அகலமான டயர் சீக்கிரம் மிதப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே மழைக்கு என்று வாங்குபவர் கம்பெனி அளவிலேயே நிற்பது நல்லது. உங்கள் கார் மாடலில் மேல் வேரியன்ட்டுக்கு வேறு அளவு உண்டென்றால் அதுவரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். அப்படியும் அகலப்படுத்தியே தீருவேன் என்பவர்கள் இரண்டைப் பாருங்கள். ஒன்று, டயரின் மொத்த விட்டம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது. மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்-இன் கணக்கும் பாதிக்கும். 205/55 ஆர்16-இன் விட்டம் சுமார் 632 மி.மீ. 225/45 ஆர்17 சுமார் 634. இது பொருந்தும். இரண்டாவது, ரிம்மின் அகலம் புதிய டயருக்குப் போதுமா என்று பாருங்கள். குறுகலான ரிம்மில் அகல டயர் மாட்டினால் பக்கம் பிதுங்கி வளைவில் நெளியும்.

4. சுமை எண்ணும் வேகக் குறியும்

அளவுக்குப் பின்னால் 91வி என்று இருக்கும். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீட்டு எண். எழுத்து அதிகபட்ச வேகம். ஹெச் என்றால் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே இறங்காதீர்கள். மேலே போவதில் தவறில்லை.

வேகக் குறி உயர்ந்தால் மழைப் பிடிப்பும் உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எழுத்து வெப்பத்தையும் வேகத்தையும் தாங்குவது பற்றி மட்டுமே பேசுகிறது. ஈரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

5. காம்பவுண்ட்: எதைப் படிப்பது, எதை நம்பாமல் விடுவது

இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். ஈரப்பிடிப்பின் பெரும்பங்கு ரப்பர் கலவையில் இருக்கிறது. சிலிக்கா அதிகம் சேர்த்த கலவை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எவ்வளவு சிலிக்கா என்று எந்தக் கம்பெனியும் டயரில் அச்சடிப்பதில்லை. அதனால் மறைமுகமான அடையாளங்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் ஐரோப்பிய லேபிள். டயரும் மழை மேகமும் போட்ட படத்துக்கு எதிரே ஏ முதல் இ வரை ஒரு எழுத்து இருக்கும். அதுதான் ஈரப்பிடிப்புத் தரம். நீங்கள் வாங்கப்போகும் மாடல் ஐரோப்பாவிலும் விற்கப்படுகிறதென்றால் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பெர்ஃபார்மன்ஸ் டயரில் ஏ அல்லது பி-க்குக் கீழே போக வேண்டாம். படிக்கும்போது அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயரில் ஓர் அளவுக்கு ஏ, இன்னோர் அளவுக்கு பி என்று இருக்கும். ஆசியச் சந்தைக்கென்று தனியாகத் தயாராகும் மாடல்களுக்கு இந்த லேபிளே இருக்காது.

லேபிளுக்கும் எல்லை உண்டு. அந்தச் சோதனை புதிய டயரில், மெல்லிய ஈரமுள்ள தளத்தில், நேர்கோட்டில் பிரேக் அடித்து எடுப்பது. தேங்கிய தண்ணீரில் மிதப்பதையும் வளைவில் வழுக்குவதையும் அது அளப்பதில்லை. முதல் படியில் உங்கள் ஆபத்து மிதப்பது என்று முடிவு செய்திருந்தால் லேபிளோடு நிற்காதீர்கள். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி மாதிரி அமைப்புகள் செய்யும் ஒப்பீட்டுச் சோதனைகளில் ஈர பிரேக்கிங், ஈர வளைவு, மிதத்தல் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்கும். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு அந்த மூன்றை மட்டும் பாருங்கள்.

அடுத்து, பக்கச்சுவரில் பொறித்திருக்கும் அமெரிக்கத் தரம். ட்ரெட்வேர் 320, டிராக்‌ஷன் ஏஏ, டெம்பரேச்சர் ஏ என்கிற மாதிரி இருக்கும். டிராக்‌ஷன் என்பது ஈரத் தளத்தில் நேர்கோட்டுப் பிடிப்பு. ஏஏ மேல், பிறகு ஏ, பி, சி. ட்ரெட்வேர் எண் தேய்மானத்தைப் பற்றியது. எண் கூடக் கூட மெதுவாகத் தேயும். பொதுவாக 300-ஐ ஒட்டி இருந்தால் மென்மையான கலவை, 500 என்றால் நீண்ட ஆயுளுக்கான கடினக் கலவை. அந்த எண்ணைக் கம்பெனிகளே தங்கள் சோதனையின் பேரில் போட்டுக்கொள்வதால் ஒரு கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிடப் பயன்படுத்துங்கள். வெவ்வேறு கம்பெனிகளை இதை வைத்து ஒப்பிடாதீர்கள்.

"எத்தனை கிலோமீட்டர் வருமுங்க?" என்ற கேள்வி இந்த இடத்தில்தான் இடிக்கிறது. ஆயுளை மட்டும் பார்த்து வாங்கினால் ஈரப்பிடிப்பை விட்டுக்கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள். இரண்டும் ஓரளவு சேர்ந்து கிடைக்கும் டயருக்கு விலை அதிகம்.

நம் நாட்டில் ஏஐஎஸ் 142 என்ற தரநிலைப்படி ஈரப்பிடிப்புக்கு ஒரு குறைந்தபட்ச அளவு கட்டாயமாகியிருக்கிறது. அது வாசற்படி மாதிரிதான். தாண்டினால் விற்கலாம், அவ்வளவே. டயரில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள் எரிபொருள் சிக்கனத்தை மையமாக வைத்தது. ஐந்து நட்சத்திரம் பார்த்து மழைக்கும் ஐந்து என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொரு குழப்பம். இணையத்தில் "மழைக்கும் பனிக்கும்" என்று வரும் வின்டர் டயர்களைப் பார்த்துவிட்டு அவைதான் மழை டயர் என்று தேடி வருகிறார்கள். அவை 7 டிகிரிக்குக் கீழே வேலை செய்ய உருவாக்கிய ரப்பர். கரூர், ஈரோட்டில் 38 டிகிரி வெயிலில் குழைந்து, பிரேக் தூரம் கூடி, சீக்கிரம் தேயும். நம் ஊர் மழை வெதுவெதுப்பான மழை. அதற்கு ஐரோப்பியர்கள் சம்மர் டயர் என்று சொல்லும் வகைதான் சரி. உதகைக்கு மார்கழியில் போனாலும் அதுவே போதும்.

6. காடி அமைப்பு

சுற்றுவட்டமாக ஓடும் அகலமான காடிகள்தான் தண்ணீரை வெளியேற்றும் முதன்மை வழி. மூன்று அல்லது நான்கு, ஆழமாக, அகலமாக இருக்க வேண்டும். புதிய டயரில் ஆழம் 7 முதல் 8 மி.மீ இருக்கும்.

வி வடிவில் அம்புக்குறி போட்டு வரும் டைரக்‌ஷனல் வகை தண்ணீரை நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் தள்ளிவிடும். மிதப்பதைத் தடுப்பதில் நல்லது. அசௌகரியம், ஒரு பக்கத்து டயரை மறுபக்கம் மாற்ற முடியாது. ஸ்டெப்னியும் ஒரு பக்கத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

அசிமெட்ரிக் வகையில் உள்பக்கம் ஒரு வடிவமும் வெளிப்பக்கம் வேறு வடிவமும் இருக்கும். உள்பக்கம் தண்ணீருக்கு, வெளிப்பக்கத்துப் பெரிய கட்டிகள் வளைவில் தாங்க. நெடுஞ்சாலையும் மலையும் கலந்து ஓட்டும் நம் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான். தற்போதைய நல்ல பெர்ஃபார்மன்ஸ் டயர்களில் பெரும்பாலானவை இந்த வகையே.

கோவை செட்டிபாளையம் காரி ரேஸ் ட்ராக்கில் வார இறுதியில் ஓட்டுபவர்கள் போடும் செமி ஸ்லிக் வகையைப் பார்த்து மயங்காதீர்கள். காடி குறைவு, ஆழம் குறைவு. காய்ந்த ட்ராக்கில் ஒட்டிக்கொண்டு போகும் அதே டயர் தேங்கிய தண்ணீரில் வழுக்குக் கட்டை. அதையே மாட்டிக்கொண்டு மழையில் வீடு திரும்புவது நல்லதல்ல.

7. இப்போது விலையும் கிடைப்பதும்

இவ்வளவும் முடிந்த பிறகே கடைக்குப் போங்கள். உங்கள் அளவில் மூன்று மாடல் பெயர்களை எழுதிக்கொண்டு போவது நல்லது, ஒன்று கிடைக்காமல் போகும். டயர் இறக்குமதிக்கு 2020 ஜூன் முதல் கட்டுப்பாடு உள்ளதால் சில அளவுகள், குறிப்பாக 17, 18 இஞ்ச், மாதக்கணக்கில் வராது.

வேகத்தைவிட அமைதியும் ஈரப்பிடிப்பும் வேண்டுமென்றால் மிஷலின் பிரைமசி, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட், பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா மாதிரி டூரிங் வரிசை. வளைவில் இறுக்கம் வேண்டுமென்றால் மிஷலின் பைலட் ஸ்போர்ட், கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட், யோகோஹாமா அட்வான், அப்போலோ விற்கும் வ்ரெடஸ்டைன் அல்ட்ராக் மாதிரி வரிசை. பெயர்களை உதாரணமாகத்தான் சொல்கிறேன். 5, 6 படிகளில் பார்த்தது உங்கள் அளவுக்குப் பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் கேளுங்கள். பில் வாங்காமல் வராதீர்கள், வாரண்டி அதில்தான் இருக்கிறது.

நான்கும் வாங்கப் பணம் இல்லையென்றால், உயர்ந்த டயர் இரண்டும் பழையது இரண்டும் என்று கலப்பதைவிட நடுத்தர விலையில் ஒரே மாடல் நான்கு வாங்குவது மழைக்கு நல்லது. கலந்தால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் பிடி விடும். அதை மழை நடுவே கையில் உணர்ந்து சமாளிப்பது எல்லோராலும் ஆகாது.

8. தயாரித்த தேதியைக் கண்ணால் பாருங்கள்

பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தேதி. 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், திருப்பிப் பாருங்கள். நான்கு டயரிலும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்று புதுசும் ஒன்று பழசுமாக வருவது உண்டு. ஒரு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் வேறு கேளுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

"வண்டி ஓடவே இல்லீங்க, டயர் புதுசு மாதிரியே இருக்கு" என்று ஏழு வருட டயரைக் காட்டுபவர்கள் நம் பக்கம் நிறைய. வருடம் 3,000 கி.மீ மட்டும் ஓடி, மீதி நாள் வெயிலில் நிற்கும் கார். காடி ஆழம் 6 மி.மீ இருக்கும். ரப்பர் இறுகிப் போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாது, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு தெரியும். காய்ந்த சாலையில் ஒன்றும் தெரியாமல் ஓடும். முதல் மழையில் ஏபிஎஸ் டகடகவென்று அடிக்கத் தொடங்கும். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை கடையில் காட்டுங்கள். பத்து வருடத்தில், காடி எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும்.

9. மாட்டும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள்

வரிசை இது: பழைய டயரைக் கழற்றி ரிம்மின் விளிம்பைச் சுத்தம் செய்வது, புது வால்வு போடுவது, டயரை மாட்டுவது, பேலன்சிங், காரில் பொருத்துவது, கடைசியாக அலைன்மென்ட். அலைன்மென்ட்டை முன்பே முடித்துவிட்டேன் என்றால் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். பழைய டயரின் ஏற்றத்தாழ்வான தேய்மானத்தின் மேல் எடுத்த அளவு அது.

அம்புக்குறி முன்னோக்கிச் சுழல்கிறதா, அவுட்சைட் என்று எழுதிய பக்கம் வெளியே இருக்கிறதா என்று நான்கிலும் பாருங்கள். வேலை நெருக்கடியில் பையன்கள் ஒன்றைத் திருப்பி மாட்டிவிடுவது நடக்கும். வி வடிவ டயரைத் தலைகீழாக மாட்டினால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டியது உள்ளே சேர்க்கும்.

இரண்டு மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும். "முன்வீல்தானுங்க இழுக்குது, முன்னாடிப் போடலாமுங்க" என்பார் கடைக்காரர். தேய்மானக் கணக்கில் அவர் சொல்வது சரி. மழைக் கணக்கில் தவறு. முன் டயர் மிதந்தால் கார் நேராகப் போகும், ஆக்சிலரேட்டரை விட்டால் வேகம் குறைந்து பிடி திரும்பும். பின் டயர் முதலில் விட்டால் கார் சுழலும். அதைத் திருத்தும் அளவுக்குக் கையும் நேரமும் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. முன்வீல் டிரைவ் காருக்கும் இதேதான்.

10. காற்று

தண்ணீரில் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு நாசா ஆய்வில் வந்த ஒரு பழைய சூத்திரம் உண்டு. காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ அலகில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால் கி.மீ வேகம் வரும். 33 பிஎஸ்ஐ என்றால் சுமார் 96. அதே டயரில் காற்று இறங்கி 25 ஆகிவிட்டால் சுமார் 83. காடி தண்ணீரை வெளியேற்ற முடியாமல் நிரம்பிவிட்ட நிலைக்கான கணக்கு இது, மொட்டை டயருக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். காற்று குறைய எவ்வளவு சீக்கிரம் ஆபத்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதற்காக 40 வைக்காதீர்கள். டயர் உப்பி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். மெல்லிய ஈரத்தில் பிரேக் பிடிக்கும் பரப்பு குறைந்துவிடும். ஸ்டிக்கரில் உள்ளதை வையுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெயிலில் ஓடி வந்த டயரில் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மழையில் டயர் குளிர்ந்ததும் குறைந்த அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கோவையில் அளந்து வைத்துவிட்டு உதகை ஏறினால், உயரத்தால் மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டும், குளிரால் கொஞ்சம் குறையும். இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். மேலே போய் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

11. முதல் சில நூறு கிலோமீட்டரும் அடுத்த புரட்டாசியும்

புதிய டயரின் மேல் அச்சிலிருந்து கழற்ற உதவும் பூச்சு ஒட்டியிருக்கும். அது தேயும் வரை, சுமார் 300 கி.மீ, நல்ல டயரும் ஈரத்தில் வழுக்கும். மழை வந்த அன்றே மாற்றிக்கொண்டு நேராக வால்பாறை ஏறுவது சரிவராது.

சட்டப்படி 1.6 மி.மீ வரை ஓட்டலாம். காடிக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடு அதைக் காட்டும். மழைக்கு 3 மி.மீ-தான் என் எல்லை. அதற்குக் கீழே காடியில் தண்ணீருக்கு இடமில்லை.

வருடா வருடம் புரட்டாசி பிறந்ததும் கேஜை எடுத்து நான்கையும் அளங்கள். 8 மி.மீ-இல் தொடங்கி 40,000 கி.மீ-இல் 1.6-க்கு வரும் டயர், சுமார் 6,000 கி.மீ-க்கு 1 மி.மீ இழக்கிறது. தினமும் நெடுந்தூரம் போகாதவருக்கு 4.5 இருந்தால் மழைக்காலம் தாண்டிவிடும். 3.5 இருந்து, தினமும் ஈரோடு–கோவை போய்வருகிறீர்கள் என்றால் ஐப்பசி பிறக்கும் முன்பே என் 3 மி.மீ எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். அப்படியென்றால் புரட்டாசியிலேயே மாற்றிவிடுங்கள். தீபாவளி நெருங்கினால் கடையில் கூட்டம், உங்கள் அளவும் இருக்காது, இருப்பதை மாட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.